எலிப்பல் சொல்லும் காலக்கணக்கு

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அப்பழமொழிக்குச் சான்றாக யாதேனும் ஒரு பொருளைக் காட்டுக என்று எவரேனும் கேட்பின், ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த சுண்டெலி ஒன்றின் கடைவாய்ப்பல்லைக் காட்டலாம். அளவில் அது கடுகையே ஒத்தது. ஆயினும் தான் கிடந்த மண்ணின் வயதைச் சொல்லும். தன்னை உடைய பிராணி எக்குலத்தது என்று சொல்லும். உலகெங்கும் உயிரியல் அறிஞர் கையாளும் ஒரு காலக்கணக்குக்கு அச்சாணியாகவும் நிற்கும். அத்தகைய பற்கள் புதைந்து கிடக்கும் மண், தில்லியில் வாழும் நமக்கு மிக அண்மையில் இருக்கிறது என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி.

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சிம்லா செல்வோர் கால்கா வண்டியில் ஏறுகின்றனர். சண்டிகரைக் கடந்ததும் எதிரே தாழ்ந்த மலைத்தொடர் ஒன்று தோன்றும். பின்னால் நிற்கும் இமயத்தின் பெருமையில் மயங்கி அதனை ஏறிட்டும் பாராமல் செல்வோரே மிகுதி. அதுவே சிவாலிக் மலை. இமயத்திலிருந்து இறங்கிய ஆறுகள் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, அடுக்கடுக்காகக் கொண்டுவந்து குவித்த மணலும் களிமண்ணும் கூழாங்கல்லுமே பின்னர் மேலெழுந்து இம்மலையாயின. பாகிஸ்தானத்துப் போட்வார் மேட்டுநிலத்திலிருந்து ஜம்மு, ஹிமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் வழியாக நேபாளத்திற்கும் அப்பாலும் இது நீண்டு செல்கிறது. ஆற்றோரம் வாழ்ந்து மடிந்த விலங்குகளின் எலும்பும் பல்லும் அந்த அடுக்குகளில் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன.

பெரியன கண்டோர், சிறியன காணாதோர்

இம்மலையின் தொல்லுயிர்ச் செல்வத்தை உலகறியச் செய்தவர் இருவர். ஒருவர், சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த ஹ்யூ ஃபால்கனர். மற்றவர், கங்கைக் கால்வாயை அமைத்த பொறியாளர் புரோபி காட்லி. 1830ஆம் ஆண்டுகளில் இவர்கள் திரட்டிய எலும்புகளுள் யானை இனங்கள் பல இருந்தன. கிளைத்த கொம்புடைய ஒட்டகச்சிவிங்கி இனம் ஒன்று இருந்தது. அதற்கு 1836இல் 'சிவதீரியம்' என்று சிவபெருமான் பெயரையே சூட்டினர். மாபெரும் ஆமையின் ஓடும் கிடைத்தது. 1837இல் இலண்டன் புவியியற் கழகம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

ஆனால் எலி எங்கே? யானையும் ஒட்டகச்சிவிங்கியும் உலவிய காட்டில் எலி இல்லாமலா இருந்திருக்கும்? பின்னர் வந்த ரிச்சர்டு லிடெக்கர் என்ற அறிஞர் மூங்கிலெலி, முள்ளம்பன்றி முதலிய சிலவற்றை எடுத்து விளக்கினார். எனினும் அவை கொறிக்கும் விலங்குகளில் உருவால் பெரியவை. சுண்டெலி போன்றவை நெடுங்காலம் வெளிப்படவேயில்லை. காரணம் எளிது. மலைச்சரிவில் நடந்து செல்பவன் கண்ணில் யானையின் தந்தம் படும்; கடுகளவான பல் படாது. அதற்குக் கண் போதாது, சல்லடை வேண்டும்.

சல்லடையில் அகப்படும் சரித்திரம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர்கள் மலையிலிருந்து மண்ணையே மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினர். அக்களிமண்ணை நன்றாக உலர்த்துவர். பின்பு மண்ணெண்ணெயில் ஊற வைப்பர். எண்ணெயை வடித்துவிட்டு நீரில் இடுவர். கல்போல் இறுகிய கட்டியும் அப்போது குழைந்து கரையும். அதனை அரை மில்லிமீட்டர் அளவே கண்ணுடைய நுண்ணிய சல்லடையில் இட்டு நீரோட்டத்தில் அலசுவர். சேறு ஓடிவிட, அடியில் மணலும் சிறுகல்லும் எஞ்சும். அதை உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ்ப் பரப்பி, ஈரமாக்கிய மெல்லிய தூரிகை முனையால் பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவர். நம் வீட்டுப் பெண்டிர் அரிசியில் கல் பொறுக்குவர். இங்கே கல்லில் பல் பொறுக்குகின்றனர், அவ்வளவே வேறுபாடு. பல மூட்டை மண்ணை அலசியும் ஒரு பல்லும் அகப்படாத நாட்கள் உண்டு.

எலும்பு அழிந்தும் பல் நிலைத்திருப்பது ஏன்? விலங்கின் உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலே. எலியின் மெல்லெலும்புகள் வெயிலிலும் மழையிலும் நொறுங்கிவிடும், பல் நொறுங்காது. இதற்கு இன்னொரு துணையும் உண்டு. அது கூகை. கூகை எலியை முழுதாக விழுங்கும். தசையைச் செரித்தபின் மயிரையும் எலும்பையும் பல்லையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஆண்டாண்டாக ஒரே மரத்திலோ குகையிலோ அடையும் கூகையின் இருப்பிடத்தின் கீழே, அவ்வட்டாரத்து எலிகளின் தாடைகள் குவிந்துவிடும். தொல்லுயிர் ஆராய்வோருக்கு அப்பறவை சம்பளமில்லாச் சேவகன்.

தாடையைப் படிக்கும் முறை

கையில் ஒரு சிறு தாடை கிடைத்தது எனக் கொள்வோம். அது யாருடையது என்று காண்பதெங்ஙனம்?

முதலில், கொறிக்கும் விலங்குதானா என்று பார்க்க வேண்டும். கொறிக்கும் விலங்கிற்கு மேலே ஓர் இணை, கீழே ஓர் இணை வெட்டுப்பற்களே உண்டு. கோரைப்பல் கிடையாது. வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே பல்லில்லாத நீண்ட வெளி இருக்கும். வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்; அதன் அடிப்பகுதி கீழ்த்தாடைக்குள் கடைவாய்ப்பற்களுக்கும் அடியில் வளைந்து செல்லும். அதன் முன்புறத்தில் மட்டுமே எனாமல் உண்டு. பின்புறம் விரைவில் தேய, முன்புறம் தேயாமல் நிற்பதால், முனை தச்சனின் உளிபோல் தானே தீட்டப்படுகிறது. சரக்குக் கிடங்கில் எலி கடித்த மூட்டைகளையும் பலகைகளையும் நாள்தோறும் காணும் என் போன்ற ரயில்வே எழுத்தர்களுக்கு அவ்வுளியின் இரட்டைத் தடம் நன்கு பழக்கமானது.

இந்த ஒரு சோதனையே நம்மிடையே உள்ள பழைய வழக்கு ஒன்றைத் தீர்க்க உதவும். பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறு என்பார் சிலர். பெருச்சாளி என்பார் சிலர். இரண்டும் எலிக்குலமே என்று இருசாராரும் எண்ணியிருப்பர். ஆனால் மூஞ்சூற்றின் வாயைத் திறந்து பார்த்தால், கூரிய பற்கள் இடைவெளியின்றி வரிசையாக நிற்பதைக் காணலாம். அது பூச்சிகளைத் தின்னும் வேறொரு குலம், எலிக்கு உறவன்று. முயலும் அப்படியே. அதன் மேல்வாய் வெட்டுப்பற்களின் பின்னே இன்னோர் இணைச் சிறுபற்கள் ஒளிந்திருக்கும். ஆதலால் அதுவும் கொறிக்கும் வரிசையில் சேராது. அணிலும் முள்ளம்பன்றியும் சேரும்.

அடுத்து, எண்ண வேண்டும். கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தில் எலிக்குக் கடைவாய்ப்பற்கள் 3. அணிலுக்கும் முள்ளம்பன்றிக்கும் 4. இவ்விரண்டையும் பிரிக்கத் தாடையின் வடிவம் உதவும். முள்ளம்பன்றியின் தாடையில் பின்கோணம் வெளிப்புறமாக விலகி வளர்ந்திருக்கும். அணிலின் தாடையில் அது வெட்டுப்பல் செல்லும் நேர்கோட்டிலேயே இருக்கும்.

மூன்றாவதாக, வேர்களையும் அளவையும் நோக்க வேண்டும். பல் விழுந்துபோன வெறுந்தாடையும் பேசும். மேல்வாயின் முதற் கடைவாய்ப்பல் நின்ற இடத்தில் வேர்க்குழிகள் 3 எனில் சுண்டெலி என்று கருதலாம்; 5 எனில் வீட்டெலியின் இனம். சுண்டெலிக்கு அந்த முதற்பல் ஒன்றே பின்னுள்ள இரண்டையும் சேர்த்தாலும் மிஞ்சும் நீளமுடையது. வெள்ளெலிக்கோ மேல் வெட்டுப்பல் ஒவ்வொன்றிலும் நெடுக ஒரு பள்ளம் ஓடும்.

இவை யாவும் இன்று வாழும் எலிகளை நன்கு அறிந்தவர்க்கே கைகூடும். உயிருள்ளதை அறியாதவன் கல்லானதை அறியான். ஆகவேதான் தொல்லுயிர் ஆராய்வோரும், 1961இல் வெளியான எல்லர்மன் என்பாரின் இந்தியக் கொறிக்கும் விலங்குகள் பற்றிய பெருநூல் போன்றவற்றைப் புரட்டி, இக்கால எலிகளின் மண்டையோடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கின்றனர்.

மூன்றாம் வரிசை

இனி, பல்லின் மேற்பரப்புக்கு வருவோம். எலியின் மேல்வாய்க் கடைவாய்ப்பல்லை உருப்பெருக்கியில் நோக்கினால், நெல்மணிகளை நட்டு வைத்தாற்போலச் சிறு முகடுகள் தெரியும். அவை வெளிப்பக்கம், நடு, உட்பக்கம் என மூன்று நீள்வரிசைகளாக நிற்கும். எலிகளுக்கு முற்பட்ட மூதாதை இனங்களில் இரண்டு வரிசைகளே இருந்தன. உட்பக்கத்தில் மூன்றாம் வரிசை தோன்றிய கதையே எலிக்குலம் தோன்றிய கதை.

அக்கதையின் ஏடுகள் சிவாலிக்கில் கிடைத்தன. போட்வார் மேட்டுநிலத்தில் அலசிய மண்ணிலிருந்து எடுத்த பற்களை ஆராய்ந்த அமெரிக்கர் லூயி ஜேக்கப்ஸ், 1977இல் ஓர் எலிக்கு 'அன்டெமஸ்' என்று பெயரிட்டார். 'எலிக்கு முந்தியது' என்பது அதன் கருத்து. ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அதன் பல்லில் மூன்றாம் வரிசை அப்போதுதான் அரும்பியிருந்தது. முகடுகள் இன்னும் ஒழுங்காக அணிவகுக்கவில்லை. மேலடுக்குகளுக்குச் செல்லச் செல்ல, வரிசை நேராகிக்கொண்டே வருவதைக் காணலாம்.

எலிகள் விரைவில் பெருகுவன. அவற்றின் இனங்கள் விரைவில் மாறுவன. ஆகவே ஒவ்வோர் எலியினமும் குறுகிய காலத்திற்கே உரியது. போட்வாரின் அடுக்குகளுக்குப் பாறையில் பதிந்துள்ள காந்தத் திசையைக்கொண்டு வயது கணித்துவிட்டனர். அதே எலிப்பல் வேறோரிடத்தில் கிடைத்தால், அவ்விடத்தின் வயதும் தெரிந்துவிடும். ஜம்முவின் உதம்பூர் மாவட்டத்து ராம்நகரில் சிவாபிதேகஸ் என்னும் தொல்குரங்கின் பற்கள் கிடைக்கின்றன. அவை எக்காலத்தவை? தேஹ்ராதூன் வாடியா நிறுவனத்து சேகலும் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்து ராஜீவ் பட்நாயக்கும் 2012இல் இதற்கு விடை தேடியபோது சான்றுக்கு அழைத்தது, அங்குக் கிடைத்த எலிகளின் பற்களையே. மனிதனுக்கு உறவான குரங்கின் வயதுக்கு எலி சாட்சி சொல்கிறது!

அச்சாணி இடம் மாறிய கதை

இதனினும் பெரிய பொறுப்பு ஒன்று அப்பற்களின்மேல் விழுந்தது. உயிர்களின் மரபணுக்களில் காலப்போக்கில் மாற்றங்கள் சேர்கின்றன. இரண்டு உயிர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு வேறுபாடுகளை எண்ணினால், அவை எவ்வளவு காலத்திற்கு முன் பிரிந்தன என்று கணிக்கலாம். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஓடும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்து கம்பங்களை எண்ணும் பயணி, ஏதேனும் ஒரு நிலையத்தைக் கடந்த நேரத்தையாவது அறிந்திருந்தால்தான் வண்டியின் வேகத்தைச் சொல்ல முடியும். அவ்வாறே மரபணுக் கணக்குக்கும் காலம் தெரிந்த ஒரு பிரிவு வேண்டும். சுண்டெலியும் வீட்டெலியும் பிரிந்த காலத்தை அதற்குக் கொண்டனர். ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் விலங்குகள் அவையே அல்லவா?

அப்பிரிவின் காலத்தைச் சிவாலிக்கின் பற்களே அளித்தன. 'புரோகோனமிஸ்' என்பது சுண்டெலியின் வழி. 'கர்ணிமாதா' என்பது வீட்டெலியின் வழி என்று கொண்டு, ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஆண்டு என்று அச்சாணி அடித்தனர். கர்ணிமாதா என்பது 1978இல் ஜேக்கப்ஸ் சூட்டிய பெயர். ராஜஸ்தானத்தில் பிகானேருக்கு அருகே தேஷ்னோக் என்னும் ஊரில், எலிகளைப் போற்றி வளர்க்கும் கர்ணிமாதா கோவிலைத் தில்லி நண்பர் பலர் கண்டிருப்பர்.

ஆனால் 2015இல் யூரி கிமுரா என்ற ஜப்பானிய அறிஞர், ஜேக்கப்ஸ் முதலியோருடன் சேர்ந்து, பற்களின் வடிவத்தையும் இக்கால எலிகளின் மரபணுக்களையும் மீண்டும் ஒப்பிட்டார். கர்ணிமாதாவின் உறவு வீட்டெலியோடு அன்று, ஆப்பிரிக்கப் புல்லெலிகளின் கிளையோடு என்று தெரிந்தது. ஆகவே அப்பற்கள் குறிப்பது சுண்டெலியின் கிளையும் புல்லெலியின் கிளையும் பிரிந்த காலத்தை. அது 1 கோடியே 11 இலட்சம் ஆண்டு. பல் மாறவில்லை, அதனை வைத்த கிளை மாறியது. ஒரு பல்லைத் தவறான கிளையில் வைத்தால், அதனை நம்பிய கணக்குகள் யாவும் நகர்ந்துவிடும் என்பதை இதனால் அறியலாம். தாம் முன்பு கொண்ட முடிவைத் திருத்தும் ஆய்விலும் ஜேக்கப்ஸ் தாமே பங்கு கொண்டார் என்பது போற்றத்தக்கது.

பிரிந்தவர் உறவும் மறைந்தவர் மீட்சியும்

தொலைவில் உள்ளவரின் உறவையும் பல் காட்டும். குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கொறிக்கும் விலங்கு ஒன்றின் பற்கள் கிடைத்தன. ராணா, கிஷோர் குமார் முதலியோர் 2008இல் அதற்கு 'மெல்டிமிஸ் மூசக்' என்று பெயரிட்டனர். மூஷிகம் என்ற நம் சொல்லே அதில் ஒலிக்கிறது. அதன் இனத்தார் அதற்குமுன் ஐரோப்பாவில் மட்டுமே அறியப்பட்டவர்கள். இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அத்துணைப் பழங்காலத்திலேயே போக்குவரவு இருந்தது என்பதற்கு அச்சிறு பற்கள் சான்றாயின.

லாவோஸ் நாட்டில் நிகழ்ந்ததோ இன்னும் வியப்பானது. அங்கு ஊர்ச்சந்தையில் இறைச்சிக்காக விற்கப்பட்ட, அணிலையும் எலியையும் ஒத்த பிராணி ஒன்றை 2005இல் அறிஞர்கள் புதிய குடும்பம் என்றே அறிவித்தனர். மறு ஆண்டு மேரி டாசனும் துணைவரும் அதன் தாடையையும் பல்லையும் பழம்பதிவுகளோடு ஒப்பிட்டனர். கடைவாய்ப்பல் ஒவ்வொன்றிலும் குறுக்கே இரு வரம்புகள் அமைந்த அவ்வமைப்பு, 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனதாகக் கருதப்பட்ட 'டயடோமிஸ்' குடும்பத்திற்கு உரியது. பூண்டற்றுப் போன குடும்பம் சந்தையில் விலைக்குக் கிடந்தது! ஊரார்க்கு அது நன்கு தெரிந்த பிராணியே. அதன் குலத்தைச் சொன்னது பல்.

நம் தென்னாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட்டை நாம் அறிவோம். அவர் மகன் ஹென்றி பூட் 1884இல் கர்நூல் வட்டாரத்து பேதஞ்செர்ல ஊரின் அருகே பில்லா சுர்க்கம் குகைகளில் அகழ்ந்தார். அங்குக் கிடைத்த பெருச்சாளி, வெள்ளெலி, முள்ளம்பன்றி முதலியவற்றின் எலும்பையும் பல்லையும் லிடெக்கர் விளக்கினார். பின்னர் அக்குகைகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் 2014இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சென்ற 2 இலட்சம் ஆண்டுகளில் அங்கு வாழ்ந்தனவாகக் கண்டறியப்பட்ட பாலூட்டி இனங்களுள் ஒன்றைத் தவிர ஏனைய யாவும் இன்றும் இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்கின்றன என்பதே அது. பனியும் வறட்சியும் மாறிமாறி வந்தும் அவை பிழைத்திருந்தன. அத்துணைக் காலம் நிலைத்தவற்றை நம் காலத்தில் இழப்போமாயின் பழி யாருடையது என்று நாமே சிந்திக்க வேண்டும்.

முகவரியில்லாச் சிப்பம்

சிவாலிக் பக்கம் உல்லாசப் பயணம் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹிமாசலப் பிரதேசத்தில் நாஹன் அருகே சாகேதி என்னுமிடத்தில் 1974இல் அமைந்த தொல்லுயிர்ப் பூங்கா உண்டு. பெரிய விலங்குகளின் உருவங்களைக் குழந்தைகள் அங்குக் கண்டு மகிழலாம். ஆனால் ஓடைக்கரையிலோ மலைவெட்டிலோ எலும்போ பல்லோ கண்ணில் பட்டால், அதனைப் பெயர்த்து நினைவுப்பொருளாகக் கொண்டுவர வேண்டா. ரயில்வேயில் பணியாற்றுவோர்க்கு ஒன்று தெரியும்: முகவரிச் சீட்டுக் கிழிந்துபோன சிப்பத்துள் பொன்னே இருந்தாலும், அது எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டும் என்று எவராலும் சொல்ல இயலாது. தொல்லுயிர்ப் பல்லுக்கு அது கிடந்த மண்ணடுக்கே முகவரி. அடுக்கை விட்டுப் பிரித்துவிட்டால், ஒரு கோடி ஆண்டுச் செய்தி வெறுங்கல்லாகிவிடும். இருந்தது இருந்தபடி விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

பிள்ளைகளின் ஆவலைத் தீர்க்க வேறு வழியும் உண்டு. கூகை அடையும் பெருமரத்தின் கீழோ, பாழடைந்த பழங்கட்டடத்தின் ஓரத்திலோ, கரிய உருண்டைகள் உதிர்ந்து கிடக்கும். ஒன்றைக் கையுறையணிந்து எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சோப்பிட்டுக் கை கழுவச் செய்யுங்கள். உள்ளே ஒரு தாடையேனும் இருக்கக்கூடும். பற்களை எண்ணட்டும், இடைவெளி உண்டா என்று நோக்கட்டும், எலியா, மூஞ்சூறா என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.